பின்னிருக்கையில் இருபத்தைந்து டன்

படிக்க ஒன்றும் இல்லாமல் போனதால்தான் அந்த விஷயம் வெளியே வந்தது. பையில் வைத்திருந்த நாவல் காலை ரயிலிலேயே முடிந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஓர் இரும்புக்கம்பி ஆலையின் டெஸ்பாட்ச் ஆபீஸில் படிக்கக் கிடைப்பவை மூன்று: சுவரில் மாட்டிய தீயணைப்பு விதிகள், போன வருடத்துக் காலண்டர், லாரிகளின் காகிதங்கள். முதல் இரண்டும் எனக்கு மனப்பாடம். மூன்றாவதைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனாலேயோ என்னவோ, அதை மட்டும் நான் படித்ததே இல்லை.

படித்ததில்லை என்றால் பார்ப்பேன். பார்ப்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. லோடு ஏற்றுவதற்கு முன்னால், லாரி பிடித்துத் தருகிற புக்கிங் ஆபீஸ்காரர் வண்டியின் ஆர்.சி., பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்புவார். இன்சூரன்ஸில் முதல் பக்கம் மட்டும்தான் வரும். எல்லா ஆலைக்கும் அப்படித்தான். யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. வண்டி நம்பர் சரியா, தேதி முடியவில்லையா என்று நான் பார்ப்பேன். பிறகு அரசாங்கத்தின் செயலியில் நம்பரைப் போடுவேன். இன்சூரன்ஸ் உயிரோடு இருப்பதாக அது சொல்லும். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி, கீழே கையெழுத்துப் போடுவேன். இத்தனையும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு பன்னிரண்டு சக்கர லாரி, இருபத்தைந்து டன் கம்பிக்கட்டுகளோடு காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குக் கிளம்பியது. ஓட்டுபவரே வண்டிக்குச் சொந்தக்காரர். ஆரம்பாக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், ஐந்தாறு மாதமாக எங்களுக்கு ஓட்டுகிறார். கேட்டைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரே டிரைவர். முத்திரை குத்தினேன். வண்டி போயிற்று.

பத்தே முக்காலுக்கு எனக்குப் போரடித்தது. புக்கிங் ஆபீஸ்காரர் புதுப் போன் வாங்கியிருந்தார். வழக்கம் தெரியாத போன் அது. ஆரம்பாக்கத்துக்காரரின் பாலிசியை முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் நாலு பக்கத்தையும் அனுப்பித் தொலைத்திருந்தது. வடை மடித்த காகிதத்தையே பிரித்துப் படிக்கிற ஆள் நான். கிடைத்ததை விடுவேனா? படித்தேன்.

முதல் பக்கத்தில் லாரியின் நம்பர், சொந்தக்காரரின் பெயர், சரக்கு வாகனம் என்ற வகை, வருகிற கார்த்திகை வரைக்கும் தேதி. இரண்டாம் பக்கத்தில் சுவாரசியம் குறைவு. மூன்றாம் பக்கத்தில் என்னென்ன காப்பு உண்டு என்ற பட்டியல். ஓட்டுபவருக்கு விபத்துக் காப்பு. அதற்கு அடுத்த வரி: பின்னிருக்கையில் அமர்ந்து வருபவருக்கு விபத்துக் காப்பு.

லாரிக்கு ஏது பின்னிருக்கை?

நான் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை. அச்சுப்பிழை கண்டுபிடித்தவனின் சிரிப்பு அது. கீழே எஞ்சினின் அளவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரு கணவன் மனைவி மார்க்கெட்டுக்குப் போய் வரலாம். இருபத்தைந்து டன்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடியாது. கடைசிப் பக்கத்தின் மூலையில் இருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தை என் போனால் ஸ்கேன் செய்தேன். கம்பெனியின் பதிவில் உள்ள அசல் பாலிசி திறந்துகொண்டது. அதே நம்பர், அதே தேதி. வாகன வகை: இருசக்கர வாகனம்.

அப்போதுதான் விளங்கிற்று. யாரோ ஒரு ஏஜென்ட், லாரியின் நம்பரைக் கொடுத்து மோட்டார் சைக்கிளுக்கான மலிவுப் பாலிசியை எடுத்திருக்கிறான். முதல் பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் திருத்தி லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறான். நம்பரும் தேதியும் நிஜம் என்பதால் அரசாங்கச் செயலியும் தலையாட்டியிருக்கிறது. மூன்றாம் பக்கத்தைத் திருத்த அவன் மெனக்கெடவில்லை. எதற்கு மெனக்கெட வேண்டும்? படிக்கும் ஆள் யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். என்னை நேரில் பார்க்காமலே என்னைத் துல்லியமாக எடைபோட்டு வைத்திருந்தான்.

ஆக, இன்சூரன்ஸ் இல்லாத ஒரு லாரி என் கையெழுத்தோடு பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் நடுவே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அது யாரையாவது இடித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் கம்பெனியும் ஒரு பைசா தராது. கோர்ட் அந்த டிரைவரிடம்தான் கேட்கும். லாரியையும் வீட்டையும் விற்றாலும் அவருக்குப் போதாது. செத்தவருக்கும் நீதி கிடையாது, ஓட்டியவருக்கும் வாழ்வு கிடையாது. நடுவில் என் ரப்பர் முத்திரை.

இந்த வரிசையில் பயந்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் முதலில் பயந்தது முத்திரைக்காகத்தான். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பதும், எதிரே ஒருவர் "சரிபார்க்கப்பட்டதுன்னா இன்னா சார் அர்த்தம்?" என்று கேட்பதும் கண்ணில் வந்தன. இடிபடப்போகிற மனிதர் அதற்கு அப்புறம்தான் வந்தார். ஆனால் வந்த பிறகு போகவில்லை.

டிரைவருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலு தடவை. ஐந்தாவது தடவை புக்கிங் ஆபீஸுக்கு அடித்தேன்.

"அட, வுடு சார்," என்றார் புக்கிங் ஆபீஸ்காரர். "இன்சூரன்ஸுன்றது போலீஸ் கேட்டா காட்றதுக்கு. காட்னா போதும்."

"இடிச்சிட்டா?"

"ஏன் சார் இடிக்கணும்? நல்ல டிரைவரு சார் அவரு. காத்தால வண்டி போவும்போதே அபசகுனமாப் பேசிக்கினு... சும்மா பேஜாரு பண்ணாத சார். சாயங்காலம் வந்து எறங்குனதும் பேசிக்கலாம்."

சாயங்காலம் வரைக்கும் எனக்குப் பொறுமை இருந்திருக்கும். தைரியம்தான் இல்லை. கேட்டில் இருந்த காவலாளியிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன். நான் வண்டி ஓட்டிப் பல வருடம் ஆயிற்று என்பது அவருக்குத் தெரியும். "எங்க சார் போறீங்க, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன். ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. இருந்திருக்கும். அன்றைய நிலவரப்படி அந்த மாவட்டத்தில் இரண்டு சக்கர இன்சூரன்ஸுக்குக் குறைச்சல் இல்லை.

நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை வரை ஓரமாகவே போனேன். என்னைத் தாண்டிப் போன ஒவ்வொரு லாரியையும் பார்த்து, இதற்கு எத்தனை பக்கம் படித்திருப்பார்கள் என்று நினைத்தேன். பொன்னேரிப் பக்கம் திரும்பியதும் சாலை குறுகிற்று. அங்கேதான் நிஜமான பயம் காத்திருந்தது. அதே சாலையில் பல முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். இத்தனை மனிதர்கள் அதில் நடமாடுகிறார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன். கையில் தூக்குவாளியோடு குறுக்கே நடக்கிற பெண்கள். ஷேர் ஆட்டோவின் பின்கம்பியில் தொற்றிக்கொண்டு போகிறவர்கள். சைக்கிளில் மூன்று பேர். அவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. நான்தான் அவர்களுடைய பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஓரிடத்தில் சாலையோரம் கூட்டம். இருபது பேர் வட்டமாக நின்று குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு பிரேக் எது என்று மறந்துவிட்டது. ஸ்கூட்டரைக் காலால் தேய்த்து நிறுத்தி, இறங்கி, கூட்டத்துக்குள் தலையை நுழைத்தேன். நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், மூஞ்செல்லாம் வேர்த்துக்குது? நாலு குடுக்கட்டா?" என்றார் நுங்குக்காரர்.

நாலு வாங்கி, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பொன்னேரியைத் தாண்டி மூன்று நான்கு கிலோமீட்டரில் லாரி நின்றுகொண்டிருந்தது. வளைவான இடம். வண்டியின் பாதி உடம்பு சாலையில்தான் இருந்தது. எதிரே ஒரு சின்ன மெஸ்ஸில் ஆரம்பாக்கத்துக்காரர் இலை முன்னால் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து பன்னிரண்டு சக்கரத்தையும் பார்த்தேன். எதிலும் எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

"இன்னா சார் நீங்க இங்க? கம்பி எதுனா கொறைஞ்சி போச்சா?"

"போன் எடுக்கலியே நீங்க."

"ஓட்டும்போது எடுக்க மாட்டேன் சார். ஊட்டுக்காரிக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துக்கிறேன். குந்துங்க, துன்னலாம்."

அவரைச் சாப்பிட விட்டேன். நான் அன்று ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். கை கழுவிவிட்டு வந்ததும் போனில் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பைக்குன்னு போட்டு வெச்சிக்கிறான் பாரேன்! பின்னாடி குந்திக்கினு வர்றவங்களுக்கு இன்சூரன்ஸாமே. என் பின்னாடி இருபத்தஞ்சு டன்னு குந்திக்கினு வருது சார்."

மெஸ்காரரும் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அரை நிமிடம் மூன்று பேரும் நன்றாக இருந்தோம்.

அப்புறம் அவர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. இன்னொரு முறை போட்டார். பெஞ்சில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப போன ஆறேழு மாசமா எனக்கு இன்சூரன்ஸு இல்ல."

"இல்ல."

"போன மாசம் ஆந்திராவுல தடா தாண்டி ஒரு பெரியவரு சைக்கிள்ல வந்தாரு சார். இந்தா, இவ்ளோ கேப்புல பூட்டாரு. கண்ணாடியில பாத்தேன். வுழுந்து எழுந்து, வேட்டியத் தட்டிக்கினு என்னியத் திட்டினாரு." கையை விரித்து அந்த இடைவெளியை எனக்குக் காட்டினார். காட்டிய கை ஆடிற்று. அதை அவரும் பார்த்தார். மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

வண்டி வளைவில் நிற்கிறது, முதலில் அதை ஓரங்கட்ட வேண்டும், முன்னால் எங்காவது இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அரைக் கிலோமீட்டரில் ஒரு எடைமேடை இருக்கிறது, பெரிய காம்பவுண்டு, உள்ளே நிறுத்தலாம் என்றார் மெஸ்காரர். டிரைவர் எழுந்து போய் வண்டியில் ஏறினார். எஞ்சின் சத்தம் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து இறங்கிவிட்டார்.

"முடியல சார்."

"என்ன முடியல? அரைக் கிலோமீட்டர்தான்."

"தெரியாத வரைக்கும் ஓட்னேன். இப்ப கிளச்ச மிதிச்சா காலு தந்தியடிக்குது. ரோட்ல போறவங்க ஒவ்வொருத்தரும் எங்கிட்டயே வர்ற மாதிரிக்குது."

அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான். காலையில் பத்து மணிக்கு இந்த மனிதர் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் விரட்டி வந்து, என் பயத்தில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் பாதி குறைந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. வளைவில் ஒரு பஸ் வந்தது. எதிரே வந்த ஆட்டோ எங்கள் லாரிக்காக ஒதுங்கி, பஸ்ஸின் மூக்கு வரை போய்த் திரும்பிற்று. நிறுத்தியே வைத்திருந்தாலும் இந்த வண்டி யாரையாவது கொன்றுவிடும் போலிருந்தது.

"நான் முன்னாடி நடக்கிறேன்," என்றேன். "என் பின்னாலயே வாங்க. நான் நடக்கிற வேகத்துக்கு மேல வேணாம்."

"நீங்க நடந்தா?"

"இடிச்சா மொதல்ல என்னைத்தான் இடிப்பீங்க. எனக்கு உங்க மேல கேஸ் போட ஆள் கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஏறிவிட்டார்.

மெஸ்ஸில் மேஜை துடைக்கிற சிவப்புத் துணியை வாங்கிக்கொண்டேன். அதைத் தூக்கிப் பிடித்தபடி சாலையின் நடுவே நடந்தேன். முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு சக்கரமும் இருபத்தைந்து டன்னும் முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தன. சூடு முதுகில் அடித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்தால் அவர் பயந்துவிடுவார் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எதிரே வந்தவர்களை எல்லாம் ஓரம் போகச் சொன்னேன். சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே இறங்கிவிட்டாள். பின்னால் சேர்ந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தள்ளின. ஒரு வேன்காரர் தலையை நீட்டி, "யோவ் பெர்சு, சாமி எங்க எறங்குது?" என்றார். சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர். கப்பலுக்கு நேரமாகிறது என்று சொல்வார். சொல்லட்டும் என்று நடந்தேன். இத்தனை வருட வேலையில் அவரை நான் துணிந்து அலட்சியம் செய்தது அந்த ஒரு முறைதான். அதுவும் கை வேலையாக இருந்ததால்.

எடைமேடையில் இருந்த அம்மாள் கண்ணாடி ஜன்னலைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடை போடணுமா, இல்ல சூடம் காட்டணுமா?" என்றார். நிறுத்த இடம் வேண்டும் என்றேன். மூலையைக் காட்டினார். வண்டி உள்ளே வந்து, உஸ்ஸென்று காற்றை விட்டு நின்றது. எஞ்சின் அடங்கியதும் டிரைவர் இறங்கி சக்கரத்தின் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணி இன்னும் கையில் இருந்தது.

யாரும் சாகவில்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. புதுப் பாலிசி எடுக்கிற வரை வண்டி இங்கேயே இருக்கட்டும், சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கலாமா, 'ஏஜென்ட்டின் மோசடியால்' என்று தொடங்கலாமா என்பதில் எனக்குள் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது.

"சார்," என்றார் டிரைவர். "அந்த ஆளு எனக்கு மட்டும் போடல."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க ஸ்டாண்டுல ஆறு பேரு. எஃப்.சி.க்கு பெயின்ட் அடிக்கிறதுன்னாலும், தார்ப்பாய் வாங்குறதுன்னாலும் ஒண்ணாத்தான் போவோம். மொத்தமாப் போனா கொறைச்சித் தருவாங்கள்ல. இன்சூரன்ஸும் அப்படித்தான். ஒரே நாள்ல, ஒரே டேபிள்ல, ஆறு பேருக்கும் அவன்தான் போட்டான்."

மற்ற ஐந்து பேரின் வண்டி நம்பர்களைச் சொன்னார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். ஐந்தும் எங்கள் ஆலைக்கு ஓடுகிற வண்டிகள். ஐந்து முதல் பக்கங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஐந்திலும் என் முத்திரை இருக்கிறது.

"இன்னிக்கு யார் யார் ஓடுறாங்க?"

"மூணு பேரு ஸ்டாண்டுல. ஒருத்தன் ஒர்க் ஷாப்ல. எங்க அக்கா மருமவன் மட்டும்தான் லோடோட போயிருக்கான். பொதட்டூர்பேட்டைக்கு. காத்தால ஒம்போதரைக்கு நீங்கதான சார் அனுப்சீங்க."

நான்தான் அனுப்பினேன். இந்நேரம் ஊத்துக்கோட்டையைத் தாண்டியிருப்பான். அதற்கு மேல் ஊர் ஊராக, கடைத்தெரு கடைத்தெருவாக, வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகிற சாலை.

நம்பரை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் எஞ்சின் சத்தம், ஹாரன், யாரோ தெலுங்கில் பாடும் பாட்டு.

"சொல்லுங்க சார், ஓட்டிக்கினுதான் இருக்கேன்."

வாயைத் திறந்தேன். டிரைவர் என் முழங்கையை அழுத்திப் பிடித்தார்.

"சொல்லாதீங்க," என்றார் குரலே எழாமல். "கை நடுங்கிடும். என்னியப் பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். ஓடுகிற வண்டியில் இருக்கிறவனிடம் அதைச் சொல்லக்கூடாது. சொல்லாமல் நிறுத்தவும் வேண்டும். பொய் சொல்வதில் எனக்குப் பயிற்சி போதாது. நாவல் படிப்பவனுக்கு வரும் என்று நினைப்பார்கள், வராது. டிரைவர்தான் என் காதோரம் சொல்லிக்கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன்.

"உங்க வண்டிக்குப் பின்னாடி ஏதோ தொங்கிக்கிட்டு வருதாம். பின்னால வந்தவர் போன் பண்ணாரு. மெதுவா ஓரங்கட்டிப் பாருங்க."

"தார்ப்பாய் கயிறா இருக்கும் சார். பஜார் வருது, தாண்டிட்டுப் பாக்கறேன்."

"வேணாம். பஜாருக்கு முன்னாடியே நிறுத்துங்க."

"இன்னா சார் கொரலு ஒரு மாதிரிக்குது?"

"வெயில்ல நிக்கிறேன். நிறுத்துங்க."

கேட்டுக்கொண்டே இருந்தேன். கியர் இறங்கியது. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்தது. பக்கத்தில் ஒரு மணியோசை, யாரோ சைக்கிளில். அது மெல்லத் தேய்ந்து போகும் வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. பிரேக் காற்று உஸ்ஸென்றது. பாட்டு நின்றது. கதவு திறந்து, செருப்புக் கால் மண்ணில் இறங்கும் சத்தம்.

"சுத்திப் பாத்துட்டேன் சார். ஒண்ணும் தொங்கலியே?"

"சாவி எங்க?"

"வண்டியிலதான்."

"அதக் கையில எடுத்துக்குங்க."

கதவு மறுபடி திறந்து மூடியது. "எடுத்துட்டேன். இன்னா சார் விஷயம்?"

"உக்கார எடம் இருந்தா உக்காருங்க," என்றேன்.